மெசியாவின் அரசு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இறைவாக்கினர் நூல்கள் முன்னறிவிக்கும் மெசியாவின், அதாவது கடவுள் வாக்களித்த மீட்பரின், ஆட்சியைப் பற்றி இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்த நற்செய்திக் கூட்டங்களும், அவற்றைத் தொடர்ந்து பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களில் எழுந்த விவாதங்களும் இதற்குக் காரணம் என்பது கடிதங்களிலிருந்தே தெரிகிறது. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் எசாயாவின் வாசகங்களைக் கேட்கிறோம். வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும், ஓநாய் ஆட்டுக்குட்டியோடு தங்கும் என்கிறார். கிறிஸ்து பிறந்து இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியும் போர் ஓயவில்லையே! வராத அரசை வந்துவிட்டதாகச் சொல்கிறோமா?
– நாட்டுப்படகு மீனவர், பாம்பன்

இதே கேள்வி 1263-ஆம் ஆண்டில் ஓர் அரசவையில் கேட்கப்பட்டது. பார்சிலோனா நகரில், அரகோன் அரசர் முதலாம் ஜேம்ஸின் முன்னிலையில் கிறிஸ்தவத் துறவியரோடு வாதிட அழைக்கப்பட்ட யூத அறிஞர் நாமானிடெஸ், இயேசுவின் காலம் முதல் இன்றுவரை உலகம் வன்முறையாலும் கொள்ளையாலும் நிறைந்தே இருக்கிறது என்று எடுத்துரைத்தார். இனி எவரும் போர்ப்பயிற்சி பெறார் என்ற வாக்கு நிறைவேறிவிட்டால் அரசரும் அவருடைய வீரர்களும் என்ன செய்வார்கள் என்றும் கேட்டார். அந்த வாதத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார். அதில் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட பிறகே கிறிஸ்தவர்கள் தங்கள் பதிலைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில், இந்த வாக்குகள் எந்த மண்ணிலிருந்து எழுந்தன என்று பார்க்க வேண்டும். எசாயாவும் மீக்காவும் கி.மு. 8-ஆம் நூற்றாண்டில், அசீரியப் பேரரசு சிற்றரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த நாள்களில் பேசியவர்கள். வெளியே அசீரியப் படை. உள்ளே வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போன செல்வர்கள். எனவே அவர்கள் கண்ட மெசியாவின் அரசு வானத்தில் மிதக்கும் ஒன்றாக இருக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் திராட்சைக் கொடியின் கீழும் அத்திமரத்தின் கீழும் அச்சமின்றி அமர்ந்திருப்பர் என்று மீக்கா கூறுவது, நிலத்தைப் பறிகொடுத்த உழவருக்குச் சொல்லப்பட்ட வாக்கு. எசாயா 11-ஆம் அதிகாரத்திலும் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் வருவதற்கு முன்பே, நான்காம் வசனத்தில், ஏழைகளுக்கு நீதியோடு தீர்ப்பு வழங்கும் அரசர் வந்துவிடுகிறார். அந்த நீதியிலிருந்துதான் அமைதி பிறக்கிறது. இந்த வரிசையை மறந்துவிட்டு விலங்குகளின் படத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

இனி இயேசுவிடம் வருவோம். திருமுழுக்கு யோவான் சிறையிலிருந்து ஆள் அனுப்பி, வரவிருப்பவர் நீர்தானா அல்லது வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று கேட்டது உங்கள் கேள்வியேதான். பார்வையற்றோர் பார்வை பெறுகின்றனர், கால் ஊனமுற்றோர் நடக்கின்றனர், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது என்று எசாயாவின் சொற்களாலேயே இயேசு பதில் அனுப்பினார். ஆனால் எசாயா 61-இல் உள்ள 'சிறைப்பட்டோருக்கு விடுதலை' என்னும் ஒன்று அந்தப் பதிலில் இல்லை. கேட்டவரோ சிறையில் இருக்கிறார். அங்கிருந்து அவர் உயிரோடு வெளியே வரவில்லை. மத்தேயு இதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். அரசு தொடங்கிவிட்டது, அதன் அடையாளங்கள் கண்முன்னே நிகழ்கின்றன, ஆனால் முழுமை இன்னும் வரவில்லை என்பதே அந்தப் பதிலின் பொருள்.

நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் அதே எசாயா 61-ஐ வாசித்தபோதும் ஆண்டவர் அருள்தரும் ஆண்டு என்பதோடு இயேசு நிறுத்திக்கொண்டார். அடுத்து வரும் 'கடவுள் பழிவாங்கும் நாள்' என்ற பகுதியை வாசிக்கவில்லை. மண்டபம் கரையில் நின்று பார்ப்பவருக்கு முன்னும் பின்னுமாக உள்ள தீவுகள் ஒரே கோடாகத் தோன்றும். படகில் நெருங்கும்போதுதான் இடையே உள்ள நீர்ப்பரப்பு தெரியும். இறைவாக்கினர் ஒரே காட்சியாகக் கண்டதில் மெசியாவின் முதல் வருகையும் இறுதி வருகையும் அவ்வாறு சேர்ந்திருந்தன என்று திருச்சபை புரிந்துகொள்கிறது.

நிறைவேறாததை எல்லாம் உள்ளத்தில் நிறைவேறிவிட்டது என்று சொல்லி முடித்துவிடும் விளக்கமும் ஒன்று உண்டு. முரடர்கள் மனம் மாறிச் சாந்தமானவர்களோடு ஒரே சபையில் கூடுவதே ஓநாயும் ஆட்டுக்குட்டியும் என்பார்கள். இதை அறிந்திருந்த 2-ஆம் நூற்றாண்டு ஆயர் இரேனியு, அது உண்மைதான் என்றாலும் படைப்பே புதுப்பிக்கப்படும் நாளையும் இறைவாக்கு குறிக்கிறது என்று விடாப்பிடியாக எழுதினார். நான் அவர் பக்கம் நிற்கிறேன். "உமது ஆட்சி வருக" என்று நாள்தோறும் மன்றாடும் நாம், அது முழுமையாக வந்துவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்?

தடைக்காலத்தில் எங்கள் ஊரில் நடந்த கூட்டத்தில், கிறிஸ்து எருசலேமில் அரியணை அமைத்து ஆயிரம் ஆண்டுகள் ஆளுவார், அங்கே கோவில் மீண்டும் கட்டப்படும், அதற்கு முன் இரகசிய வருகை உண்டு என்று போதித்தார்கள். எங்கள் பங்கில் இதைப்பற்றி எவரும் பேசுவதில்லை. எது சரி, ஐயா?
– இல்லத்தரசி, தங்கச்சிமடம்

ஆயிரம் ஆண்டுகள் என்பது திருவெளிப்பாடு 20-ஆம் அதிகாரத்தில், 2 முதல் 7 வரையுள்ள ஆறு வசனங்களிலும் வருகிறது. விவிலியத்தில் வேறெங்கும் மெசியாவின் ஆட்சிக்கு இந்தக் கால அளவு கூறப்படவில்லை. அந்த ஆறு வசனங்களிலும் எருசலேம் என்ற பெயரோ கோவிலோ இல்லை என்பதையும் நீங்களே புரட்டிப் பார்க்கலாம். எசாயாவின் அமைதி, எசேக்கியேல் 40 முதல் 48 வரையுள்ள கோவில், செக்கரியா 14-இல் ஒலிவ மலைமேல் நிற்கும் ஆண்டவரின் காலடி ஆகியவற்றை எடுத்து அந்த ஆயிரம் ஆண்டுகளுக்குள் வைத்துக் காட்டும்போதுதான் நீங்கள் கேட்ட போதனை உருவாகிறது.

ஆயிரம் ஆண்டுகளைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வது புதிதன்று. 2-ஆம் நூற்றாண்டில் புனித ஜஸ்டினும் இரேனியுவும் அப்படியே நம்பினார்கள். ஆனால் ஜஸ்டின், திரிபோ என்னும் யூதரோடு நடத்தும் உரையாடலில், தூய பற்றுறுதியுள்ள கிறிஸ்தவர் பலர் தம்மிலிருந்து மாறுபட்டு எண்ணுகிறார்கள் என்றும் சொல்கிறார். இக்கேள்வி பற்றுறுதியின் அடித்தளத்தைத் தொடாத ஒன்று என்று அவர் கருதியது தெரிகிறது. நம் கூட்டங்களிலும் அந்தப் பெருந்தன்மை வேண்டும். பின்னர் புனித அகுஸ்தீன், தாமும் ஒருகாலத்தில் அக்கருத்தைக் கொண்டிருந்ததைக் குறிப்பிட்டுவிட்டு, கிறிஸ்துவின் முதல் வருகைக்கும் இறுதி வருகைக்கும் இடைப்பட்ட திருச்சபையின் காலமே அந்த ஆயிரம் ஆண்டுகள் என்று விளக்கினார். மேலைத் திருச்சபையில் அதுவே நிலைத்தது. லூத்தரன் திருச்சபையின் 1530-ஆம் ஆண்டு அவுக்ஸ்பர்க் அறிக்கையும், இறந்தோர் உயிர்த்தெழுமுன் இறைப்பற்றுள்ளோர் உலக அரசைக் கைப்பற்றுவர் என்ற கருத்தைத் தன் 17-ஆம் பிரிவில் மறுக்கிறது.

கிறிஸ்து தம்மவரை மறைவாக எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை, ஏழு ஆண்டு உபத்திரவம், பிறகு யூதரை மையமாகக் கொண்ட ஆயிரம் ஆண்டு அரசு என்னும் வரிசை, 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்பவரின் போதனையால் பரவியது. 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கக் குறிப்பு விவிலியம் அதை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. தமிழ்நாட்டின் பிரதரன், பெந்தெகோஸ்தே கூட்டங்கள் பலவற்றில் இன்று ஒலிப்பது அந்த மரபே.

கத்தோலிக்கத் திருச்சபை இதை ஏற்கவில்லை. மிதமான வடிவிலும் இக்கருத்து பாதுகாப்பாகப் போதிக்கத்தக்கதன்று என்று 1944-இல் உரோமை தெரிவித்தது. திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, 676-ஆம் எண்ணில், வரலாற்றுக்கு உள்ளேயே மெசியாவின் நம்பிக்கையை நிறைவேற்றிக் காட்டுவதாகச் சொல்லும் எந்த முயற்சியையும், குறிப்பாக அரசியல் வடிவில் வருவதை, மறுக்கிறது. அரசுகளும் தலைவர்களும் தங்களையே மீட்பராகக் காட்டிக்கொண்ட நூற்றாண்டைக் கடந்து வந்த நாம் அந்த எச்சரிக்கையின் அருமையை உணர வேண்டும்.

கூட்டத்தில் பேசியவர்களின் போதனையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: அவர்கள் இந்த மண்ணைக் கைவிடவில்லை. இறைவாக்கினரின் நம்பிக்கை இந்த உலகத்துக்கானது என்பதை, ஆன்மா விண்ணகம் போனால் போதும் என்று பேசும் நம்மில் பலரைவிட அவர்கள் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆயினும் எசேக்கியேலின் கோவிலைச் சொல்லுக்குச் சொல் எதிர்பார்ப்பவர்கள், அங்கே விவரிக்கப்படும் பாவம் போக்கும் பலிகளையும் எதிர்பார்த்தாக வேண்டும். கிறிஸ்து ஒரே முறை செலுத்திய பலிக்குப் பின் வேறு பலி தேவையில்லை என்று எபிரேயர் திருமுகத்தின் 10-ஆம் அதிகாரம் சொல்லும்போது அது எப்படிப் பொருந்தும்? இதற்கு நிறைவான விடையை நான் அவர்களிடம் கண்டதில்லை.

நீங்கள் அஞ்ச வேண்டாம், அம்மா. 381-ஆம் ஆண்டுமுதல் திருச்சபை அறிக்கையிட்டு வரும் நம்பிக்கை அறிக்கையில் அவரது ஆட்சிக்கு முடிவிராது என்றே இருக்கிறது. கூட்டத்தில் பேசியவரும் உங்கள் பங்குத்தந்தையும் அதில் ஒன்றுபடுகிறார்கள்.

தானியேல் 9-இல் உள்ள எழுபது வாரங்களை வைத்து அரசு வரும் ஆண்டைக் கணக்கிடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், இராமேசுவரம்

கூடாது. தானியேல் நூலை வைத்துக் கணக்கிட்ட அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லரின் ஆதரவாளர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்துவுக்காகக் காத்திருந்து மனமுடைந்தார்கள். இஸ்ரயேலுக்கு ஆட்சியை இப்போது மீட்டுத் தரப்போகிறீரா என்று சீடர்கள் கேட்டபோது, காலங்களை அறிவது உங்களுக்கு உரியதன்று என்றார் உயிர்த்த இயேசு. 1964-ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததையும், 2004-இல் வந்த ஆழிப்பேரலையையும் கால அட்டவணையில் பொருத்திப் பேசுவோர் இருக்கிறார்கள். மாண்டவர்களின் வீட்டார் கேட்டிருக்க அப்படிப் பேசுவது கொடுமை.

எசேக்கியேல் 47-இல் மீனவர் கரையில் வலை உலர்த்துவர் என்று வருகிறது. திருவெளிப்பாடு 21-இலோ கடலும் இல்லாமற் போயிற்று என்று வருகிறது. கடலை நம்பிப் பிழைக்கும் எங்களுக்கு அந்த அரசில் இடம் உண்டா?
– இளைஞர், மூக்கையூர்

இந்தக் கேள்வி வந்ததற்காக மகிழ்கிறேன். விவிலிய உரைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வசனங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதில்லை. கடற்கரையில் இருப்பவருக்குத்தான் அது கண்ணில் படும்.

எசேக்கியேல் ஒரு குரு. கி.மு. 597-இல் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர். எருசலேம் வீழ்ந்து பதினான்காம் ஆண்டில், கோவில் சாம்பலாகக் கிடக்கும்போது, புதிய கோவிலின் வாயிற்படியின் அடியிலிருந்து நீர் ஊறிப் பெருகுவதைக் காட்சியாகக் காண்கிறார். அளவுகோல் பிடித்த ஒருவர் ஆயிரம் முழம் அளந்து அவரை நீரில் நடத்துகிறார், கணுக்கால் அளவு. இன்னும் ஆயிரம் முழம், முழங்கால் அளவு. பிறகு இடுப்பளவு. அதன்பின் நீந்தியே கடக்க வேண்டிய வெள்ளம். அது ஓடிச் சேரும் இடம் சாக்கடல். பெருங்கடலைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு உப்பு கரிக்கும், மீன் வாழ முடியாத நீர்நிலை அது. அந்த நீர் நலம் பெறுகிறது. பெருங்கடலில் உள்ளவை போன்ற பலவகை மீன்கள் அங்கே திரள்கின்றன. ஏன்கெதி முதல் ஏனக்லயிம் வரை மீனவர்கள் கரையில் நின்று வலைகளை விரித்து உலர்த்துகிறார்கள்.

இதே எசேக்கியேல் 26-ஆம் அதிகாரத்தில், செருக்குற்ற தீர் நகரம் வெறும் பாறையாகி வலை உலர்த்தும் இடமாகும் என்று தண்டனையாகக் கூறியவர். வணிகப் பெருநகரத்துக்கு அழிவின் அடையாளமாக இருந்த அந்த வலை, மெசியாவின் நாளில் உயிர் திரும்பியதற்கு அடையாளமாகிறது. மீனவரின் அன்றாட வேலையை இவ்வளவு உயரத்தில் வைத்த இறைவாக்கினர் வேறொருவர் இல்லை.

அடுத்த வசனத்தை இன்னும் கவனமாகப் படியுங்கள். சேற்று நிலங்களும் சதுப்பு நிலங்களும் நலம் பெறா. அவை உப்புக்காக விடப்படும். எல்லாவற்றையும் நன்னீராக்கும் காட்சியின் நடுவே, உப்பு எடுப்பவருக்கும் ஓரிடம் ஒதுக்கப்படுகிறது. வாலிநோக்கத்து உப்பளங்களில் வெயிலில் நின்று வேலை செய்பவர்களும், மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பாசி சேகரிக்கும் பெண்களும் இந்த அதிகாரத்தைத் தங்களுக்கு உரியதாகப் படிக்கலாம். கடவுளின் ஆட்சி, உழைப்பவரின் தொழிலை அழித்துவிட்டு வருவதில்லை.

இனி, கடல் இல்லாமற் போவது. எபிரேயரின் கற்பனையில் கடல் பெரும்பாலும் அச்சத்தின் இடம். தானியேல் 7-இல் மக்களை மிதிக்கும் நான்கு பேரரசுகளும் கடலிலிருந்து எழும் விலங்குகளாகவே வருகின்றன. திருவெளிப்பாடு 13-இலும் கொடிய விலங்கு கடலிலிருந்தே ஏறி வருகிறது. 18-ஆம் அதிகாரத்தில் பொன்னையும் பட்டையும் மனித உயிர்களையும் சரக்காக ஏற்றிச் செல்வதும் கடல்வழியேதான். இதை எழுதிய யோவானும் பத்முத் தீவில், நாற்புறமும் கடல் சூழ இருந்தவர். எனவே 21-ஆம் அதிகாரத்தில் மறைந்துபோகும் கடல், அந்த விலங்குகள் எழுந்து வந்த கடல். அதே பட்டியலில் சாவும் துயரமும் அழுகையும் சேர்ந்தே மறைகின்றன. படைப்பாகிய கடலை யோவான் வெறுக்கவில்லை; 5-ஆம் அதிகாரத்தில் கடலில் உள்ள உயிர்கள் எல்லாம் ஆட்டுக்குட்டியைப் புகழ்ந்து பாடுகின்றன. எசேக்கியேல் கண்ட ஆற்றையும் அதன் கரை மரங்களையும் 22-ஆம் அதிகாரத்தில் அவர் தம் புதிய நகருக்குள்ளேயே கொண்டுவருகிறார்; அம்மரத்தின் இலைகள் மக்களினங்களைக் குணப்படுத்தும் என்கிறார்.

கடலுக்குப் போன ஆள் திரும்பி வரவில்லையே என்று கரையில் நின்று காத்திருப்பவர்களுக்கு, கடல் இல்லை என்ற சொல் எப்படிக் கேட்கும் என்று எண்ணிப் பாருங்கள். உங்களுக்குக் கடல் பிழைப்பாகவும் இருக்கிறது, இழப்பாகவும் இருக்கிறது. இரண்டு வசனங்களும் உங்களுக்கே உரியவை. ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிட வேண்டியதில்லை.

"ஒரு குழந்தை நமக்குப் பிறந்துள்ளார்" என்று கிறிஸ்துமஸ் இரவில் வாசிக்கப்படும் எசாயா 9, எசேக்கியா அரசரைப் பற்றியது என்று ஒரு நூலில் படித்தேன். அப்படியானால் அது இயேசுவைப் பற்றியதாக எப்படி இருக்க முடியும்?
– கல்லூரி மாணவி, தொண்டி

யூத விரிவுரையாளர்கள் பலர் அவ்வாறே விளக்குகிறார்கள். கிறிஸ்தவ அறிஞர்களிலும் ஏற்போர் உண்டு. கி.மு. 732-ஐ ஒட்டி அசீரியர் கலிலேயாவைப் பிடித்தபோது, இருளில் விழுந்த செபுலோன், நப்தலி நாடுகளுக்கு ஒளி வரும் என்று தொடங்கும் அந்தப் பாடல், தாவீதின் அரியணையில் நல்ல அரசர் ஒருவரை எதிர்பார்த்தது. எசேக்கியா நல்லவர்தாம். ஆனால் முடிவில்லாத அமைதி அவர் காலத்தில் வரவில்லை, கி.மு. 701-இல் அசீரிய அரசன் செனகெரிபு யூதாவின் அரண்சூழ் நகர்களைக் கைப்பற்றினான். கடவுள் எசேக்கியாவை மெசியாவாக்க எண்ணியும் அது நிகழாமற் போயிற்று என்ற ஒரு கருத்து யூத மரபு நூலாகிய தல்மூதிலேயே பதிவாகியுள்ளது. அரசர்கள் ஒவ்வொருவராக வந்துபோக, வாக்கு மட்டும் நிறைவேறாமல் நின்றது. கி.மு. 587-இல் எருசலேம் வீழ்ந்து அரியணையே இல்லாமற் போன பின்னும் மக்கள் அதைக் கைவிடவில்லை. இயேசு தம் பணியைக் கலிலேயாவில் தொடங்கியபோது, மத்தேயு அந்தச் செபுலோன், நப்தலி வரிகளையே எடுத்து எழுதுகிறார். முதல் பொருளை அழித்துவிட்டு இரண்டாவதை எழுதவேண்டியதில்லை. எசேக்கியாவுக்குப் பெரிதாக இருந்த அந்தச் சட்டை இயேசுவுக்குப் பொருந்துகிறது என்பதே கிறிஸ்தவரின் சாட்சியம்.

முஸ்லிம்களாகிய நாங்களும் ஈசா நபி (இயேசு) மீண்டும் வருவார் என்று நம்புகிறோம். யூதர்கள் மெசியா இனிமேல்தான் வருவார் என்று காத்திருக்கிறார்கள். அவர்களின் காத்திருத்தலைக் கிறிஸ்தவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? இந்த இறைவாக்குகளைக் காட்டி இன்றைய இஸ்ரேல் அரசு செய்வதை எல்லாம் நியாயப்படுத்துவது சரிதானா?
– வணிகர், கீழக்கரை

வாக்குகளை இழந்தவர்கள் என்றும் கடவுளால் கைவிடப்பட்டவர்கள் என்றும் யூதர்களைக் கிறிஸ்தவர்கள் நெடுங்காலம் இழிவாகப் பேசினார்கள். அதன் விளைவுகள் கொடியவை. கடவுள் கொடுத்த கொடைகளையும் அழைப்பையும் திரும்பப் பெறுவதில்லை என்று பவுல் உரோமையருக்கு எழுதியதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் மீண்டும் எடுத்துரைத்தது. திருத்தந்தையின் விவிலிய ஆணையம் 2001-இல் வெளியிட்ட ஆவணம், யூதர்களின் மெசியா எதிர்பார்ப்பு வீணானதன்று என்றே சொல்கிறது. வரவிருப்பவர் முன்பே வந்த இயேசுவின் முகத்தோடு வருவார் என்பதில் நாம் அவர்களிடமிருந்து வேறுபடுகிறோம். ஆனால் காத்திருப்பதில் அவர்களோடு நிற்கிறோம். உங்கள் நம்பிக்கையிலும் அந்தக் காத்திருத்தல் இருப்பதை மரியாதையோடு குறித்துக்கொள்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில், சரியன்று என்பதே. எந்த நாட்டின் பாதுகாப்பும் அங்கு வாழும் மக்களின் உயிரும் மதிக்கப்பட வேண்டியவை. ஆனால் ஓர் அரசின் செயல்களுக்கு எசாயாவையோ எசேக்கியேலையோ சான்றொப்பமாகக் காட்ட முடியாது. இறைவாக்கினர் தங்கள் சொந்த அரசர்களையே முதலில் கடிந்துகொண்டவர்கள். இஸ்ரயேலை எகிப்திலிருந்து கொண்டுவந்தது போலவே பெலிஸ்தியரைக் கப்தோரிலிருந்தும் சிரியரைக் கீரிலிருந்தும் நான் கொண்டுவரவில்லையா என்று கடவுள் கேட்பதாக ஆமோஸ் எழுதியிருக்கிறார். மேலே நான் விளக்கிய எசேக்கியேல் 47-ஆம் அதிகாரமே, நிலத்தைக் குலங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும்போது, உங்களிடையே தங்கிப் பிள்ளைகளைப் பெற்று வாழும் அந்நியருக்கும் உங்களுள் பிறந்தவரைப்போலவே பங்கு கொடுங்கள், அவர் எந்தக் குலத்தோடு வாழ்கிறாரோ அந்தக் குலத்திலேயே அவருக்கு உரிமைச்சொத்து இருக்கட்டும் என்ற கட்டளையோடுதான் முடிகிறது.